கற்பூரம் காட்டி வழியனுப்பிய நாரை

போன மாதம் என்னைப் பழைய கம்பெனிக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். முகத்தைப் பார்த்துத் தானாகக் கதவு திறக்கிற இயந்திரம் ஒன்றை கேட்டில் வைத்திருக்கிறார்கள். அதற்குத் திறப்பு விழா. புதிய பாதுகாப்பு அதிகாரி, டை கட்டின பிள்ளை, "இனிமே இந்த கேட்டைத் தாண்டி ஒரு ஆணி கூடப் போகாது" என்று பேசி முடித்தார். அப்புறம் என் கையில் மைக்கைக் கொடுத்து, "இதெல்லாம் இல்லாத காலத்துல நீங்க எப்படி சார் சமாளிச்சீங்க? ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

இந்த ஏகாம்பரத்தை இரண்டு வார்த்தை பேசச் சொல்வது ஏரியைச் சொம்பில் கேட்பது மாதிரி. ஆரம்பித்தேன். நாரை விஷயத்துக்கு வருவதற்குள் போண்டா வந்துவிட்டது. கூட்டம் போண்டாவோடு போய்விட்டது. போண்டாவைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதை தொண்டையிலேயே நிற்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குப் பள்ளிப்பட்டுப் பக்கம். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். ஆறாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கரும்பு வெட்டினேன், செவ்வாப்பேட்டையில் செங்கல் சுமந்தேன், அத்திப்பட்டில் சாம்பல் அள்ளினேன், கடைசியில் கும்மிடிப்பூண்டியில் செக்யூரிட்டி காக்கிச் சட்டை மாட்டினேன். பயிற்சி என்று ஒரு மாடி அறையில் உட்கார வைத்து சல்யூட் அடிக்க மட்டும் கற்றுக் கொடுத்தார்கள். யாருக்கு அடிக்கக் கூடாது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை நானாகக் கற்றுக்கொள்ளப் பாதி ஆயுள் போயிற்று.

எங்களுடையது இரும்பு உருக்கும் கம்பெனி. முதலாளிக்குப் பழைய சீமைக் கார்கள் மேல் பைத்தியம். ஃபவுண்டரிக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, அதற்குள் ஏசி வைத்து, அவர் தாத்தா காலத்துக் கார்களை நிறுத்தி வைத்திருந்தார். உருக்கு உலை முன்னால் நிற்கிறவனுக்கு ஒரு ஃபேன். ஓடாத காருக்கு ஏசி. நான் நியாயம் பேசவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

அந்தக் கார்களில் மூக்கு நீண்ட கார் ஒன்று. அதன் மூக்கு நுனியில், ரேடியேட்டர் மூடியின் மேல், இறக்கை விரித்த, வெள்ளி முலாம் பூசின நாரை ஒன்று நின்றது. மூடியும் நாரையும் ஒரே பொருள். திருகினால் கையோடு வந்துவிடும். காரை விட நாரைக்குத்தான் மதிப்பு என்பார்கள். அந்த மாதிரி நாரை உலகத்தில் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கிறதாம். பழவேற்காட்டுக்குப் போனால் ஆயிரம் நாரை சும்மா நிற்கிறது, அதை ஒருவரும் மதிப்பதில்லை.

நாரையைத் துடைக்கிற வேலை ஸ்டெல்லாவுக்கு. அத்திப்பட்டுப் பக்கத்துப் பெண், தாய் தகப்பன் இரண்டு பேரும் நடவுக் கூலிக்குப் போனவர்கள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நயம். இறகு இறகாக ஊக்கு முனையில் பஞ்சைச் சுற்றித் துடைப்பாள். கார்களுக்குப் பக்கத்தில் சந்தனம், குங்குமம், எண்ணெய் எதுவும் போகக்கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஸ்டெல்லாவின் துணி மட்டும்தான் போகலாம்.

இனி கேட். நான் கேட் இன்சார்ஜ். ஷிப்டு முடிந்து போகிற ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். குலுக்கல் சீட்டு மாதிரி அது தன் இஷ்டத்துக்கு ஒரு விளக்கை எரிக்கும். பச்சை எரிந்தால் ஊட்டுக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் தனி அறைக்குப் போய் டிபன் பாக்ஸ் வரைக்கும் திறந்து காட்ட வேண்டும். பொத்தான் சொல்வதை நான் நம்பினதே இல்லை, காலைத்தான் பார்ப்பேன். இடுப்பில் இரும்பைச் சொருகினவன் நடை, புதுச் செருப்பு கடிக்கிறவன் நடை மாதிரி இருக்கும். அப்படி நான் பிடித்த பித்தளைக் குழாய்களை வரிசையாக வைத்தால் ஊத்துக்கோட்டை வரைக்கும் தண்ணீர் கொண்டு போகலாம்.

ஆனால் இந்தப் பொத்தான் நடந்து போகிறவர்களுக்குத்தான். காரில் போகிறவர்களுக்குக் கிடையாது. கார் வந்தால் கம்பியைத் தூக்கு, சல்யூட் அடி. கார் கண்ணாடி இறங்கினால் இன்னொரு சல்யூட்.

எனக்கு மேலே மேஜர். பட்டாளத்தில் மேஜராக இருந்ததாக அவரே சொன்னார். எந்தப் பட்டாளம் என்று நான் கேட்கவில்லை, அவரும் ஆளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்வார். கக்கத்தில் ஒரு பிரம்பு இருக்கும். மீசையை மேலே ஏற்றுவதும் இறக்குவதும் முதலாளி ஊரில் இருப்பதைப் பொறுத்தது. எதைச் சொன்னாலும் கண்ணை மூடி, பிரம்பால் பூட்ஸை ஒரு தட்டுத் தட்டி, "நோட்டட்" என்பார். கூரை ஒழுகுகிறது சார், நோட்டட். கேட் ரூமில் பாம்பு சார், நோட்டட். இத்தனைக்கும் அவரிடம் ஒரு துண்டுக் காகிதமோ பேனாவோ நான் பார்த்ததில்லை. பாம்பு தானாகத்தான் போயிற்று.

கார்களைப் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வருவார். கும்மிடிப்பூண்டி வெயிலில் கழுத்தைச் சுற்றிப் பட்டுக் கைக்குட்டை கட்டின ஒரே மனிதர். அவரும் ஒரு பழைய சீமைக் காரில்தான் வருவார். அதற்கும் மூக்கு நுனியில் மூடி உண்டு, வெறும் மூடி. பழைய கார் பற்றி இங்கிலீஷில் புத்தகம் எழுதினவர் என்பதால் மேஜர் அவருக்கு இரண்டு முறை சல்யூட் அடிப்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. முற்றத்தில் லாரி, ஃபோர்க்லிஃப்ட், முதலாளியின் தினசரிக் கார், ஆபீசர்கள் கார், கன்சல்டன்ட் கார் எல்லாம் வரிசையாக நின்றன. மாலை, வாழைக்கன்று, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம். பூஜைச் சாமான் வாங்குகிற பொறுப்பை மேஜர் விரும்பி ஏற்றுக்கொண்டிருந்தார். சந்தனம் பாக்கெட்டாக வரவில்லை, வாளியில் வந்தது. வாசனை இல்லை, ஆனால் நிறம் மட்டும் அமோகம்.

பூசணிக்காய் உடைக்கிறது, கற்பூரம் காட்டுகிறது, சந்தனம் பூசுகிறது எல்லாம் என் கையால்தான். வேறு யார் உடைத்தாலும் அந்த வருஷம் விபத்து நடக்கும் என்று டிரைவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்தவன் நான்தான். எல்லோரும் என்னைச் சுற்றி நிற்க, கன்சல்டன்ட் மட்டும் "ஒரு பார்வை பாத்துட்டு வரேன்" என்று கொட்டகைப் பக்கம் போய்வந்தார். அவரை யார் கேட்பது?

அவர் கார் முறை வந்தது. மூக்கு மேல் மாலை சுருள் சுருளாகக் குவிந்து கிடந்தது. நான் வாளியில் கையை விட்டு, பெரிய மனுஷன் கார் என்று தாராளமாகத் தெளித்தேன்.

"போதும், போதும் ஏகாம்பரம்" என்று அவர் என் கையைப் பிடித்தார்.

"இருக்கட்டும் சார், வருஷத்துக்கு ஒரு நாள்" என்று மாலை மேலேயே இன்னொரு கை அடித்தேன். குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். பூசணிக்காயை ஒரே போடு. எலுமிச்சம்பழம் நசுங்க, கார் கிளம்பியது. கம்பியைத் தூக்கி நாலு பேர் சல்யூட் அடித்தோம்.

பூஜை விடுமுறை முடிந்து வந்தால் இரண்டு ரகளை. முதலாவது சந்தனம். அது சந்தனமே இல்லை, ஏதோ சாயப்பொடி. முதலாளி கார் பானெட்டில் மஞ்சள் வட்டம் வட்டமாக நின்றுவிட்டது. சோப்புப் போட்டார்கள், பெட்ரோல் போட்டார்கள். கார் வெளுத்தது, மஞ்சள் வெளுக்கவில்லை. சந்தனம் வாங்கினது யார் என்று முதலாளி கேட்டபோது மேஜர், "விசாரிக்கிறேன் சார்" என்றார்.

இரண்டாவதை ஸ்டெல்லா ஓடிவந்து சொன்னாள்.

"நைனா, நாரையக் காணோம்!"

"நல்லாப் பாரு."

"இன்னாத்தப் பாக்கறது? மூக்குல ஓட்ட கீது, மூடி இல்ல. பறந்துகினு போச்சா?"

மேஜரிடம் அழைத்துப் போனேன். அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஏரியாவில் திருட்டை முதலில் சொல்கிறவர்தான் திருடர். மேஜர் கண்ணை மூடினார், திறந்தார்.

"பூஜை அன்னிக்கு எல்லாரும் முற்றத்துல இருந்தாங்க. நீ கிறிஸ்டியன். நீ பூஜைக்கு வந்திருக்க மாட்ட. அப்ப கொட்டகையில இருந்தது நீதான்."

"சார், பொரி வாங்க மொத ஆளா நின்னதே நான்தான். சுண்டல்ல உப்பு இல்லன்னு உங்ககிட்டதானே சொன்னேன்!"

"நோட்டட்" என்றார் மேஜர்.

அன்று சாயங்காலம் ஷிப்டு விடுகிற நேரத்தில், பொத்தான் முன்னால், இருநூறு பேர் பார்க்க, ஸ்டெல்லாவின் பையைத் தரையில் கொட்டச் சொன்னார். சீப்பு, ஜெபமாலை, தயிர்ச்சாதம் ஒட்டின டப்பா. நாரை இல்லை. அடுத்த நாளிலிருந்து அவளை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். சந்தனத்துக்குக் கத்திவிட்டு முதலாளி வெளியூர் போயிருந்தார், அவர் திரும்பி வந்ததும் போலீசில் கொடுப்பது என்று முடிவு. இன்ஷூரன்ஸுக்கு ஒரு புகார் வேண்டும், புகாருக்கு ஒரு பெயர் வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

ஸ்டெல்லா என்னிடம் அழவில்லை, சண்டை போட்டாள்.

"நைனா, ஸ்டேஷன்ல ஒரு தபா பேரு ஏறிட்சின்னா சிப்காட்டுல எந்த கேட்டும் தொறக்காது. எனக்கு மட்டுமில்ல, என் தம்பிக்கும் தொறக்காது. நீ இன்னாமோ காலைப் பாத்தே திருடனைப் புடிப்பேன்னு பீத்திக்குவியே, இப்ப இன்னா புடிச்ச?"

வாஸ்தவமான கேள்வி. சைக்கிளை எடுத்தேன்.

கவரைப்பேட்டையில் அன்வர் பாய் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். இந்தச் சுற்று வட்டாரத்தில் காணாமல் போகிற எந்த உலோகமும் அவர் தராசைப் பார்க்காமல் போகாது. அதனாலேயே எனக்கு நல்ல சிநேகிதர்.

"நாரையா? கொக்கு, காக்கா எதுவும் வரல தல" என்று சிரித்தார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "தபாரு, அந்த நாரைய எடை போட்டா அரைக் கிலோ பித்தளை. என்னாண்ட கொண்டாந்தா நாஷ்டா காசு தேறும், அவ்ளோதான். அதோட அருமை தெரிஞ்சவன்தான் அதுல கை வெச்சிருப்பான். அருமை தெரிஞ்சவன் யாரு? அதே மாதிரி காரு வெச்சிருக்கறவன். அவனை உட்டுட்டு இரும்புக் கடையில வந்து பேஜாரு பண்ணிக்கினு..." என்றார்.

சைக்கிள் மிதித்துத் திரும்பும்போது, அதே மாதிரி கார் என்ற வார்த்தை பெடலோடு சேர்ந்து சுற்றியது. அப்போதுதான் பொறி தட்டியது. மற்ற கார்களில் மாலை தொங்கியது. கன்சல்டன்ட் காரில் மட்டும் மாலை குவிந்து நின்றது, உள்ளே ஏதோ இருக்கிற மாதிரி முண்டாக. என் கண் அதை அன்றைக்கே பார்த்துவிட்டது. மூளைதான் பூஜை லீவில் இருந்தது. மனிதர் தன் வெறும் மூடியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் நாரையைத் திருகி, மாலையால் மூடியிருக்கிறார். எங்கள் கம்பெனிச் சொத்துக்குச் சந்தனம் தெளித்து, கற்பூரம் காட்டி, திருஷ்டி கழித்து, சல்யூட்டும் அடித்து அனுப்பியிருக்கிறோம். இவ்வளவு மரியாதையோடு எந்தத் திருட்டுச் சாமானும் எந்த கேட்டையும் தாண்டியிருக்காது.

மேஜரிடம் சொன்னேன். பிரம்பு பூட்ஸைத் தட்டவில்லை.

"ஏகாம்பரம், அவர் புத்தகம் எழுதினவர்."

"எழுதட்டும் சார். மாலைக்கு அடியில இருந்தது புத்தகம் இல்ல."

"ஆதாரம்?"

என்னிடம் இல்லை. "நோட்டட்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆதாரம் தன் காலால் நடந்து வந்தது. முதலாளி ஊர் திரும்பினார். அவருக்கு ஊட்டியில் பழைய கார் ஊர்வலம் வருகிறது, நாரை இல்லாமல் போனால் மானம் போகும். கன்சல்டன்ட் ஆறுதல் சொல்லி, லண்டனில் ஒரு ஏலத்தில் இதே நாரை இன்னொன்று இருப்பதாகவும், தன் முகத்துக்காகத் தருவார்கள் என்றும் சொல்லி, ஒரு வாரத்தில் வெல்வெட் பெட்டியோடு வந்து இறங்கினார். இன்ஷூரன்ஸுக்குப் புது நாரையின் விலையும் தெரிய வேண்டும் என்பதால், அதை வாங்கின கையோடு முதலாளி புகாரில் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. புகாரைக் கையில் வைத்துக்கொண்டு மேஜர் நின்றார். கொட்டகைக் கதவைத் திறந்து பிடிக்க நான் நின்றேன். ஸ்டெல்லா வேப்பமரத்தடியில் இருந்தாள்.

கன்சல்டன்ட் பெட்டியைத் திறந்து, கைக்குட்டையால் நாரையைத் தூக்கினார். "பாருங்க, இறகு இடுக்குல இந்த மஞ்சள் சாயல். இதுதான் அசல்ங்கறதுக்கு அடையாளம். லண்டன் பனியும் புகையும் காலங்காலமா ஏறின நிறம். போலியில இது வரவே வராது" என்றார்.

மஞ்சள் என்றதும் என் காது நிமிர்ந்தது.

"முதலாளி, மாட்டறதுக்கு முன்னால ஒரு தபா துடைச்சிட்டா நல்லது. நாரையத் துடைக்கத் தெரிஞ்ச கை ஒண்ணுதான் இருக்கு. வெளியில மரத்தடியில கீது."

"அந்தப் பொம்பளையா?" என்று மேஜர் பதறினார்.

"துடைக்க வேண்டாம், துடைச்சா பழமை போயிடும்" என்று கன்சல்டன்ட் அவரைவிட அதிகம் பதறினார்.

முதலாளிக்கு அவசரம். "கூப்பிடு" என்றார்.

ஸ்டெல்லா வந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நாரையைக் கையில் வாங்கினாள், குப்புறப் போட்டாள், சேலையிலிருந்து ஊக்கை எடுத்து இறக்கை இடுக்கில் விட்டாள். மஞ்சள் பொடி அவள் உள்ளங்கையில் உதிர்ந்தது. மூடியின் திருகு மரைக்குள்ளே ஊக்கைச் சுற்றினாள். காய்ந்த சாமந்தி இதழ் ஒன்று வெளியே வந்தது.

"இது லண்டன் பனி இல்ல சார்" என்றாள். "நம்ம வாளிச் சந்தனம். உங்க காரு மேல கீதே, அதே மஞ்சா. பூஜை அன்னிக்குக் காலைல நான் துடைச்சப்ப நாரை பளிங்கு மாதிரி இருந்துச்சி. இந்தக் கொட்டாய்க்குள்ள சந்தனம் வரக்கூடாதுன்னு உத்தரவு. நாரை வெளிய போய்த்தான் பூசிக்கினு வந்துக்கீது."

நான் கதவை விட்டேன். "கன்சல்டன்ட் சார், லண்டன்லயும் ஆயுத பூஜை உண்டுங்களா?"

"அங்க நம்ம ஆளுங்க நிறைய பேர்..." என்று ஆரம்பித்தார்.

"இருப்பாங்க. மேஜர் சார் வாங்கின சந்தனம் அங்க எப்படிப் போச்சு?"

முதலாளி மேஜர் பக்கம் திரும்பினார். அந்த நேரத்தில் மேஜர் முகத்தைப் பார்க்க நான் டிக்கெட் வாங்கக்கூடத் தயார். அது நம் சந்தனம் என்றால், வாங்கினது தான்தான் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை என்றால், முதலாளி காரின் மஞ்சள் வட்டம் வெளியே வெயிலில் சாட்சியாக நிற்கிறது. மனிதர் பிரம்பைக் கீழே போட்டார். குனிந்து எடுத்தார். எடுப்பதற்கு வெகுநேரம் ஆயிற்று.

"நம்ம சந்தனம்தான் சார்" என்றார், தரையைப் பார்த்து.

முதலாளி புகாரை வாங்கிக் கிழித்தார். ஸ்டெல்லாவுக்காகக் கூப்பிட இருந்த போலீஸ் ஜீப்பைக் கன்சல்டன்ட்டுக்காக யாரும் கூப்பிடவில்லை. குடும்பத்துப் பேர், ஊர்வலம், நாலு பெரிய மனுஷர்கள் என்று முதலாளி ஏதோ சொன்னார். "போய்ட்டு வாங்க" என்று கன்சல்டன்ட்டுக்குக் கைகூட கொடுத்தார். அந்தக் கை கொடுத்ததை இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

ஆனால் கேட் என்னுடையது. அவர் கார் வந்ததும் கம்பியைத் தூக்கவில்லை.

"இறங்குங்க சார். பொத்தானை அமுக்குங்க."

அமுக்கினார். பச்சை எரிந்தது. அந்த இயந்திரத்தின் யோக்கியதை அவ்வளவுதான். பச்சையாவது பவழமாவது என்று டிக்கி, சீட்டு, ஸ்டெப்னி, டிபன் பாக்ஸ் எல்லாம் திறக்கச் சொன்னேன். கைக்குட்டையையும் கழற்றினார். ஷிப்டு விடுகிற நேரம்தான். வேண்டுமென்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலாளி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, பழையபடி துடைக்கிற வேலைக்கு வரலாம் என்றார், பெரிய வரம் கொடுக்கிற மாதிரி.

"துணி வேணாம் சார். காக்கிச் சட்டை குடுங்க. என் பையை எங்க கொட்டினாங்களோ அங்கியே நிக்கறேன்."

கொடுத்தார். மறு வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்டெல்லா கேட்டில் நின்றாள். கம்பி கீழேயே இருந்தது. முதல் கார் மேஜருடையது. அவர் கண்ணாடியை இறக்கி சல்யூட்டுக்குக் காத்திருந்தார். "மாலையத் தூக்குங்க சார்" என்றாள். தூக்கினார். அன்றிலிருந்து எங்கள் கேட்டில் அதுதான் வழக்கம். முதலாளி காருக்கும் அதே.

நான் ஓய்வு பெற்ற நாளில், என் கழுத்து கொள்ளாமல் ரோஜா மாலை. என்னைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நானும் பேசினேன், நான்தான் நன்றாகப் பேசினேன். கடைசியாகக் காக்கி இல்லாமல், மாலையோடு கேட்டுக்கு வந்தேன். கம்பியைத் தூக்குவார்கள், சல்யூட் அடிப்பார்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கம்பி அசையவில்லை. ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தாள், நான் கற்றுக் கொடுத்த பார்வை.

"நைனா, மாலையத் தூக்கு."

"எனக்கேவா?"

"கழுத்துல போட்டா மட்டும் மாலை இல்லையா?"

தூக்கினேன். பின்னால் இருநூறு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் குனிந்து, நிதானமாகப் பார்த்து, கண்ணை மூடி, கையிலிருந்த லத்தியால் தன் பூட்ஸை ஒரு தட்டுத் தட்டினாள்.

"நோட்டட்" என்றாள்.